எதிர்ச்சரிவிலிருந்து கேட்ட ஒரு சொல்

1938ஆம் வருடம் நவம்பர் மாதம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழே கால் மணி. கொல்லிமலை, பெரக்கரை நாடு. முந்தின நாள் மாலை பிடித்த மழை விடவில்லை. பெரிய மழை இல்லை, நூல் நூலாக விழும் மழை. மூடுபனி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது அடிக்கு அப்பால் இருந்த மாட்டுக்கொட்டகை ஒரு நிமிடம் தெரிந்தது, மறு நிமிடம் தெரியவில்லை. என் கையில் ஈரமான செய்தித்தாள் ஒன்றும், கட்டம் போட்ட தாள் ஒன்றும் இருந்தன.

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டத்தாளை விரித்து, பங்கு விலைகளுக்குக் கோடு போடுவதைப் போன வாரம் வந்தபோது பார்த்தேன். ஓய்வு பெற்றவன் கருத்துச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு முதல் தூக்கம் சரியில்லை. அதனால் எழுதுகிறேன். கோடு போடாதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் முப்பது வருடம் போட்டேன். ஆனால் அந்த வியாழக்கிழமை நடந்ததைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சேலத்தில் ஒரு பங்குத் தரகரிடம் குமாஸ்தா. மாதம் இருபத்திரண்டு ரூபாய். சென்னையில் இருந்த எங்கள் ஏஜெண்டுக்குத் தந்தி அடித்துத்தான் எதையும் வாங்குவோம், விற்போம். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் எங்கள் பேச்சும் சுருங்கிப்போயிருந்தது. வாங்கு என்பதற்குப் 'பிடி' என்போம். விற்றுத் தள்ளு என்பதற்கு 'விடு' என்போம். "அந்த மில்லை விட்டாச்சா?" "நேத்தே விட்டாச்சு." நாள் முழுக்க இதே பேச்சு. வீட்டில் என் மனைவி பால்காரரை இனி வேண்டாம் என்று நிறுத்தியதைச் சொல்ல, "விட்டாச்சு" என்றபோது என்ன விலைக்கு என்று கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் முடிவு விலையைக் கறுப்புப் புள்ளியாக வைத்து இணைப்பேன். கடைசி ஐந்து நாள் விலையின் சராசரியைச் சிவப்புப் பென்சிலால் வரைவேன். கறுப்பு சிவப்புக்குக் கீழே இறங்கி, தொடர்ந்து மூன்று நாள் விலையும் குறைந்தால் விற்க வேண்டும். இது நானே பதினான்கு மாதம் சோதித்து வைத்திருந்த விதி. எங்கள் தலைமைக் குமாஸ்தாவுக்கு இது வேடிக்கை.

"மழை பெய்யுதான்னு வெளிய எட்டிப் பாக்காம, போறவன் குடையைப் பாத்துச் சொல்ற ஆளுடா நீ" என்பார்.

"குடையைப் பார்த்தும் சரியாத்தானே சார் சொல்றேன்?"

"வெயிலுக்கும் குடை பிடிப்பான்டா."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். என் கோடு ஒரு நாள் ஒரு ஆளைக் காப்பாற்றும், அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

அந்த ஆள் சடையக் கவுண்டர் என்று நினைத்தேன்.

சடையக் கவுண்டர் மலை விவசாயி. சாமை, தினை, கொஞ்சம் மிளகு. அவரிடம் இரண்டு வருடம் மிளகு வாங்கிய கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் கடை நொடித்துப்போய், பணத்துக்குப் பதிலாக ஒரு நூற்பாலையின் இருபத்து நான்கு பங்குகளைக் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரங்களை வாழைச் சருகில் சுற்றி, உறியில் தொங்கவிட்டிருந்தார்கள். அவருக்கு ஊற்று ஒட்டிய கொல்லை ஒன்று உண்டு. மலையில் கோடையிலும் ஈரம் காயாத நிலம் அது. அதை அடமானம் வைத்திருந்தார். தை முதல் தேதிக்குள் நானூற்று இருபது ரூபாய் முழுதாகக் கட்டினால் கொல்லை திரும்பும். ஒரு ரூபாய் குறைந்தாலும் திரும்பாது. அவருடைய மிளகு பறிப்பதோ தைக்குப் பிறகு.

அந்தப் பங்குகளை விற்றுத்தான் கடனைக் கட்ட வேண்டும். அதற்கான பத்திர மாற்றத்துக்கு அவருடைய கைநாட்டு வாங்கிவர என்னை அனுப்பினார்கள். புளியஞ்சோலை வழியாக ஏறினேன். கைநாட்டு வாங்கியாயிற்று. மறுநாள் இறங்குவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஆறு நாள் அவர் வீட்டிலேயே கிடந்தேன். புளியஞ்சோலைக் கடைக்காரரிடம் செய்தித்தாளை வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன். வாழைத்தார் இறக்கிவிட்டு மேலே வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்து தருவார்கள். நேற்று அச்சானது இன்று கிடைக்கும். அதில் இருப்பது முந்தாநாள் விலை.

காய்ச்சலிலும் கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை விலை பதினேழு ரூபாய் பன்னிரண்டு அணா. சனிக்கிழமை பதினேழு எட்டு. ஒரு அணா இறங்கினால் சடையக் கவுண்டருக்கு ஒன்றரை ரூபாய் போகும். அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க சாமி, சும்மா சும்மா அதைப் பாத்துக்கிட்டு? அறுப்பு முடியட்டுமுங்க" என்றார்.

"அறுப்புக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எங்க ஊட்டு வழக்கமுங்க. சாமை அறுத்து ஊடு வந்து சேர்ற மட்டும் ஊட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போகாது. உப்புக் கடன்கூடக் குடுக்க மாட்டமுங்க. கார்த்திகை கடைசியில வித்துக்கலாம்."

அவர் மனைவி பாவாயி உரலில் இருந்து தலையைத் தூக்கி, "போன வருசம் எங்க அம்மாயி வந்து ஒரு உரி அளவு பால் கேட்டதுக்கே இல்லைன்னவருங்க இவரு. உங்களுக்கா காகிதம் குடுப்பாரு?" என்றாள்.

"கைநாட்டு வெச்சுட்டாரே?"

"வெச்சது விரலு. காகிதம் இன்னும் உறியிலதானுங்க இருக்குது" என்றார் சடையக் கவுண்டர். தம் வழக்கத்தில் இப்படி ஒரு சந்து கண்டுபிடித்ததில் அவருக்கே ஒரு சிரிப்பு.

செவ்வாய்க்கிழமைத் தாள் வரவில்லை. ஓடையில் வெள்ளம், யாரும் ஏறவில்லை. அதில்தான் திங்கட்கிழமை விலை இருக்கும். புதன்கிழமைத் தாளை வியாழன் விடியலில் பாவாயியின் தம்பி குப்பன் கொண்டுவந்தான். செவ்வாய் விலை பதினேழு ரூபாய், அணா ஒன்றும் இல்லை.

கட்டத்தாளில் திங்கட்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. சனிக்கிழமைப் புள்ளி ஒரு பக்கம், செவ்வாய்ப் புள்ளி மறு பக்கம். நடுவில் ஓட்டை. ஓட்டையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பதினேழு நான்கு என்று ஒரு புள்ளி வைத்தேன். கோடு அழகாக இறங்கியது. சனி, திங்கள், செவ்வாய் என்று தொடர்ந்து மூன்று நாள் சரிவு. கறுப்பு சிவப்புக்குக் கீழே. விதி சொல்லிவிட்டது.

உள்ளங்கை வேர்த்தது. காய்ச்சல் வேர்வை இல்லை அது. பதினேழுக்கு விற்றால் தரகு போகப் பதினைந்து ரூபாய்தான் குறையும். இரண்டு ஆட்டை விற்றுச் சரிக்கட்டலாம். பதினைந்துக்கு இறங்கிவிட்டால் அறுபத்து மூன்று ரூபாய் குறையும். கொல்லை போயிற்று. கார்த்திகை கடைசி மட்டும் இந்தச் சரிவு காத்திருக்குமா?

சடையக் கவுண்டர் விடியும் முன்பே சாமைக் கொல்லைக்குப் போயிருந்தார். அது எதிர்ச்சரிவில். நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஓடை. காய்ச்சல் உடம்போடு இறங்கி ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். குப்பனோ மறுபடி கீழே போகத் தலைச்சுமையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மத்தியானம் இரண்டு மணிக்குள் துறையூர் தபாலாபீஸ் சேர்ந்தால் தந்தி சாயங்காலத்துக்குள் சேலம் போகும். அவனை நிறுத்தினால் இன்னொரு நாள் போகும்.

பாறை விளிம்பில் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"கவுண்டரே! விலை இறங்குதுங்க! விக்கலாமுங்களா?"

பனிக்குள்ளிருந்து, "என்னங்க?" என்று கேட்டது.

"பங்குங்க! விலை இறங்குது! என்ன செய்யறதுங்க?"

ஓடைச் சத்தம். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் தெளிவாக வந்தது.

"உட்டுருங்க!"

விட்டுவிடுங்கள். என் காதில் அது சேலம் அலுவலகத்தின் சொல்லாகத்தான் விழுந்தது. விற்றுத் தள்ளுங்கள். கோடும் அதைத்தான் சொன்னது, உரிமைக்காரரும் அதையே சொல்லிவிட்டார். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. திரும்ப ஒரு முறை கத்திக் கேட்க வேண்டும் என்று தோன்றியதா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். தோன்றியது. இன்னொரு முறை கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்றும் தோன்றியது. கேட்கவில்லை. இருபத்து நான்கையும் விற்கவும் என்று சீட்டு எழுதி, ஒன்றரை ரூபாயோடு குப்பனிடம் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்பு சடையக் கவுண்டர் நனைந்துகொண்டு வந்தார். கம்பளியை உதறிக்கொண்டே, "எங்கே மச்சினன்? இன்னிக்குப் பரண் கட்டோணும்னு சொல்லியிருந்தேனே" என்றார்.

"துறையூருக்குப் போயிருக்காருங்க. தந்தி குடுக்க."

"என்ன தந்தி?"

"நீங்க சொன்னீங்களே, விட்டுருங்கன்னு. அதான் விக்கச் சொல்லி."

அவர் கம்பளியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "உட்டுருங்கன்னா தொடாதீங்கன்னுதானுங்க. அது பாட்டுக்குக் கிடக்கட்டும், அந்தப் பேச்சை உட்டுருங்கன்னு சொன்னேன். உங்க ஊருல அதுக்கு என்னங்க அருத்தம்?"

நான் சொன்னேன்.

பாவாயி உலக்கையை நிறுத்திவிட்டாள். "அடக் கருமமே. அப்ப உங்க ஊருல, புள்ளையைத் தொந்தரவு பண்ணாம உட்டுருன்னா வித்துப்போடுவாங்களா?"

சடையக் கவுண்டர் ஓடிப்போய், நான் காலையில் நின்ற அதே பாறையில் ஏறி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினார். மலையில் அவசரத்துக்கு அப்படித்தான். ஒரு மேட்டில் கூவினால் அடுத்த மேட்டில் உள்ளவன் வாங்கி அதற்கடுத்ததற்குக் கூவுவான். மனிதன் நடப்பதைவிடச் சொல் முந்திப் போகும். முதல் மேட்டிலிருந்து பதில் கூவல் வந்தது. இரண்டாவதிலிருந்து மெல்லியதாக வந்தது. மூன்றாவது வரவேயில்லை. வெள்ளம் விழும் இடம் அது. அங்கே கூவல் ஏறாது. மூன்று முறை கூவிப் பார்த்தார். பிறகு அதே ஈர உடுப்போடு, சரிவில் இறங்கி ஓடினார்.

அந்த மத்தியானத்தைப் போல ஒரு மத்தியானம் உங்களுக்கு வர வேண்டாம். நான் குப்பன் எங்கே இருப்பான், இவர் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு இறங்கியவனைப் பன்னிரண்டுக்கு இறங்குகிறவர் எப்படிப் பிடிக்க முடியும்? அவன் புளியஞ்சோலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிடிக்கலாம். சுமை இறக்கக் காத்திருந்தால் பிடிக்கலாம். அவன் சோம்பேறியாக இருக்க வேண்டுமே என்று முதல்முறையாக ஒரு மனிதனைப் பற்றி வேண்டிக்கொண்டேன்.

பாவாயி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "ஏனுங்க சாமி, அந்தக் கட்டம் போட்ட தாளுல பாத்தா, எங்க ஊட்டுக்காரரு இப்ப எங்க போறாருன்னு தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

"அப்ப கஞ்சியைக் குடிங்க. ஆறிப்போவுது."

குப்பன் சோம்பேறி இல்லை. இரண்டு மணிக்கு முன்பே தந்தி கொடுத்துவிட்டான். சடையக் கவுண்டர் சேர்ந்தபோது தபாலாபீஸ் மூடியிருந்தது. அவரும் குப்பனும் அங்கேயே வராந்தாவில் படுத்திருந்து, காலையில் கதவு திறந்ததும், விற்க வேண்டாம் என்று இன்னொரு தந்தி கொடுத்தார்கள். ஒன்பது அணா. அது சேலம் வந்து, அங்கிருந்து சென்னை போவதற்குள் வெள்ளிக்கிழமைச் சந்தை திறந்து பங்கு கைமாறிவிட்டது. இருபத்து நான்கு என்பது சில்லறை எண்ணிக்கை. சில்லறைக்குப் பங்குக்கு நாலணா பிடிப்பார்கள், வியாழன் காலை அவசரத்தில் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பதினாறு ரூபாய் பதினாலணாவுக்குப் போயிருந்தது. தரகு மூன்று ரூபாய் போகக் கையில் நானூற்று இரண்டு.

இரண்டு நாள் கழித்துத் திரும்பிவந்த சடையக் கவுண்டர் என்னைத் திட்டவில்லை. உறியை அவிழ்த்து, வாழைச் சருகோடு பத்திரங்களை என் மடியில் வைத்தார். "சொல்லு போயிருச்சு. காகிதத்தை மட்டும் வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்றார். அறுப்பு முடியவில்லை. அவருடைய வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போயிற்று. அன்று முழுவதும் பாவாயி அவரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை.

சேலம் வந்ததும் தலைமைக் குமாஸ்தா என் கட்டத்தாளை வாங்கி மேஜையில் விரித்தார். சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது?"

"அன்னிக்குப் பேப்பர் வரலைங்க. ரெண்டுக்கும் நடுவுல வெச்சேன்."

அடுக்கிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாளை எடுத்துப் போட்டார். திங்கட்கிழமை விலை பதினாறு ரூபாய் பத்தணா. அதாவது திங்களன்று ஒரேயடியாக விழுந்து, செவ்வாயன்று ஆறணா ஏறியிருக்கிறது. செவ்வாய் சரிவின் மூன்றாவது நாள் இல்லை. மீட்சியின் முதல் நாள். என் விதிப்படியே விற்கக் கூடாது. என் விதியை மீறியது என் புள்ளிதான்.

"பேப்பர் வரலைன்னா கட்டத்தைக் காலியா வைக்கணும்" என்றார். "காலியா இருந்தா உனக்குத் தெரியலைன்னு தெரியும். நிரப்பிட்டா, தெரியலைங்கறதே தெரியாமப் போயிரும்." கட்டத்தாளை மடித்துக்கொண்டே, "அந்த ஆளு சொன்னதையும் இப்படித்தானே நிரப்பிக்கிட்டே?" என்றார்.

தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். இன்று உங்கள் மேஜையில் டெலிபோன் இருக்கிறது, விலை மணிக்கு மணி வருகிறது, பத்து வகைச் சராசரி போடுகிறீர்கள். இருந்தாலும் ஒரு நாள் ஒரு கட்டம் காலியாக இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் பாதிச் சொல்லைச் சொல்லிவிட்டு டெலிபோனை வைப்பார். அப்போது உங்கள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளியை வைக்கும்போது என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கவலை. விற்பதா வேண்டாமா என்று வேர்த்த கை, இல்லாத விலையை எழுதும்போது உறுதியாக இருந்தது.

மார்கழி முதல் வாரத்தில் நானூற்று இரண்டு ரூபாயோடு மறுபடி மலை ஏறினேன். விலை விவரத்தையும் எழுதி எடுத்துப்போனேன். கார்த்திகை கடைசி நாள், அதாவது சடையக் கவுண்டர் விற்கலாம் என்று முதலிலேயே சொன்ன நாளில், அந்தப் பங்கு பதினெட்டு எட்டணா. சில்லறைப் பிடித்தம் போனாலும் பதினெட்டு நாலணா நின்றிருக்கும். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். அவருக்குச் செய்தித்தாள் வராது. மறைத்திருந்தால் என் தூக்கம் என்ன ஆகியிருக்கும் என்பதால் மட்டுமே சொன்னேன். பெரிய நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாமை வீடு வந்திருந்தது. வாசலெல்லாம் வைக்கோல் வாசம். சடையக் கவுண்டர் பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"கொல்லைக்குப் பதினெட்டு ரூவா குறையுதுங்களே" என்றார்.

"அதை நான் தர்றேனுங்க." கொண்டுபோயிருந்தேன். மனைவியின் காதுத் தோடு அடகுக்கடையில் இருந்தது. பதினெட்டு ரூபாயை அவர் முன்னால் எடுத்து வைத்தேன்.

அவர் அதை எடுக்கவில்லை. "நான் சொன்ன நாளுல வித்திருந்தா எவ்வளவு கூட வந்திருக்குமுங்க?"

"முப்பத்து மூணு."

"அப்ப முப்பத்து மூணு குடுங்க."

"கொல்லையை மீட்கப் பதினெட்டு போதுமுங்களே?"

"கொல்லைக்குப் பதினெட்டு போதுமுங்க சாமி. மிச்சம் பதினஞ்சு என்ற சொல்லுக்கு. நான் ஒண்ணு சொன்னேன், நீங்க வேற ஒண்ணை எடுத்துட்டுப் போனீங்க. எடுத்துட்டுப் போனதுக்கு விலை இல்லீங்களா?"

பாவாயி உள்ளிருந்து, "தந்திக் காசு ஒம்பதணாவை உட்டுருங்க" என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "எந்த ஊரு உட்டுருங்கன்னு கேளுங்க சாமி."

இந்த முறை கேட்டேன்.

"உங்க ஊரு" என்றாள். "எங்களுக்கு வர வேண்டிய காசு அது. உங்க கையை உட்டுப் போகோணும். எடுத்து வையுங்க."

சடையக் கவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவரோடு இறங்கி, அடமானப் பத்திரம் அவர் கைக்கு வரும் மட்டும் கூடவே நின்றேன். மீதிப் பதினைந்து ரூபாயை மாசி, பங்குனி, சித்திரை என்று மாதம் ஐந்தாக மணியார்டர் அனுப்பினேன். முதல் மணியார்டரோடு தந்திக் காசையும் சேர்த்தேன். ஆக மொத்தம் முப்பத்து மூன்று ரூபாய் ஒன்பது அணா.